தலைவர் சட்டையின் கீழ்மடிப்பு

நகரமன்றத் தலைவர் இந்த ஊருக்காகத் தம் இன்னுயிரையே ஈந்தார் என்று சதுக்கத்தில் நிற்கும் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அவர் எதையும் ஈயவில்லை. அவருடைய உயிர் அவர் சட்டையின் கீழ்மடிப்பிலிருந்து ஊசி முனையால் உருவி எடுக்கப்பட்டது. எடுத்தவள் ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் இழைக்காரி. கல் செதுக்கியவருக்கும் இது தெரியும். அவ்வளவையும் எழுதக் கல்லில் இடம் இல்லை என்று விட்டுவிட்டார்.

கிழிந்த துணியைக் கிழியாதது போலாக்குவது இழைக்காரியின் தொழில். ஒட்டுப் போடுவது வேறு, இது வேறு. ஒட்டு ஊரைக் கூட்டித் தன்னைக் காட்டிக்கொள்ளும். இவள் அதே துணியின் கீழ்மடிப்பைப் பிரித்து, யார் கண்ணிலும் படாத அந்த இடத்திலிருந்து நூலை உருவி, கிழிசலின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, புதிதாகவே நெய்துவிடுவாள். கடைநூல் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் சலவைக்குப் போய் வந்ததும் தன் குணத்தைக் காட்டிவிடும். பிறத்தியார் துணியிலிருந்து நூல் எடுப்பது அதைவிடக் கேடு என்று தொழில் பழகியபோதே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஏன் என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

இந்த ஊரில் நோய் முதலில் துணியில்தான் தெரியும். இதயம் கெட்டவர்களுக்கு இடது பைக்குக் கீழே சட்டை இற்றுப்போகும். முழங்கால் தேய்ந்தவர்களுக்குக் கால்சட்டை முட்டியில் சல்லடையாகும். மருத்துவர் ஆளைத் தொடுவதை விட்டுவிட்டுச் சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மாத்திரை போதுமா, இழைக்காரியிடம் அனுப்ப வேண்டுமா என்று முடிவு செய்தார். துணி சரியானால் ஆளும் சரியானார். ஆனால் துணியின் மடிப்பிலிருந்து நூல் போனதுபோல ஆளின் உள்மடிப்பிலிருந்தும் ஏதோ ஒன்று போனது. நாய் கடித்த தபால்காரருக்குக் கால் ஆறியது, சீழ்க்கை அடிக்க மறந்துபோனது. கசாப்புக்கடைக்காரர் மனைவி ஈரல் நோயிலிருந்து எழுந்து நடந்தாள். வாசலில் வந்து நின்ற சொந்தத் தங்கையைப் பார்த்து, யார் வேண்டும் என்று கேட்டாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஊர் தேற்றிக்கொண்டது. தங்கை மட்டும் தேறவில்லை, வேறு ஊருக்குக் குடிபோய்விட்டாள்.

தலைவருக்கு இதயம். ஆண்டுக்கொரு தடவையாவது அவர் சட்டை இழைக்காரியிடம் வந்துவிடும். ஒரு தடவை சிறு வயதில் பட்ட பசி மறந்தது. அடுத்த தடவை அண்ணனிடம் பறித்த வீட்டுப் பங்கு. அதற்கடுத்து, தேர்தலில் கொடுத்த வாக்குறுதிகள் மொத்தமாக. மேடையில் ஒரு குறையும் தெரியவில்லை. முன்னைவிட நன்றாகப் பேசுகிறார் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அவர் சட்டைகளுக்குக் கீழ்மடிப்பு நான்கு விரல் அகலம். தையல்காரர் பயபக்தியோடு தாராளமாக விட்டிருந்தார்.

இழைக்காரியின் புருஷன் மாவு மில்லில் சலிப்பவர். ஊர் அவரை மாவு என்றே கூப்பிட்டது. தலைவரின் மணிவிழாவன்று மில் தொழிலாளர்களுக்கெல்லாம் வெள்ளைச் சட்டை வழங்கினார்கள். நான் உடுத்தும் அதே துணியைத்தான் என் தோழர்களும் உடுத்துவார்கள் என்று தலைவர் முழங்கினார், படம் பிடித்தார்கள். அது உண்மைதான். ஒரே உருட்டிலிருந்து வெட்டிய துணி. தொழிலாளர் சட்டைகளில் துணியை மிச்சம் பிடித்ததால் கீழ்மடிப்பு அரை விரல்கூட இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மாவு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, “உன் புருஷன் இனிமே பாதித் தலைவரு, பார்த்து நடந்துக்கோ” என்றார். கொஞ்ச நாளில் அதன் நெஞ்சுப்பக்கம் இற்றது. நுரையீரலில் மாவு படிந்து இறுகிவிட்டது என்று மருத்துவர் சட்டையைப் பார்த்துச் சொன்னார்.

அரை விரல் மடிப்பில் எத்தனை நூல் இருக்கும்? ஒவ்வொரு குளிர்காலமும் அவள் நூல் எடுத்தாள், அவர் பிழைத்தார், ஏதோ ஒன்று போனது. சீட்டாட்டம் போனது. அவருடைய அம்மாவின் குரல் போனது. கல்யாணமான புதிதில் அவள் உப்புக்குப் பதில் சோடா மாவைக் கொட்டிய கதையை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்தக் கதை போனது, பிறகு சிரிப்பும் போனது. கடைசியில் மடிப்பில் ஒரே ஒரு நூல் நின்றது. அவருக்குள் மீதி இருந்ததும் ஒன்றே ஒன்று: மூன்று வயதில் காய்ச்சலில் போன மகள். அந்தக் குழந்தையின் பெயரை உலகத்தில் இப்போதும் வாய்விட்டுச் சொல்கிறவர் அவர் ஒருவர்தான். இழைக்காரிக்கு அது தொண்டையைத் தாண்டாது. மகள் இருந்தபோது இழைக்காரிக்கு ஊசி பிடிக்கத் தெரியாது. போன பிறகுதான் கற்றுக்கொண்டாள்.

“ஏம்மா, இன்னும் எத்தனை இருக்கு?” என்று படுக்கையிலிருந்து கேட்டார்.

“ஒண்ணு.”

“அது எதுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைத் தொடாத. செத்தவளை இன்னொரு தடவை என்னால சாகடிக்க முடியாது.”

அவர் உதடு நீலம் பாரித்திருந்த அந்த வாரத்தில்தான் தலைவரின் உதவியாளர் சட்டையோடு படியேறி வந்தார். நாளைக் காலையில் புதிய மருத்துவமனையின் வாயிற்கதவைத் தலைவர் திறந்துவைக்கிறார், பைக்குக் கீழே இற்றுவிட்டது, பார்த்துச் செய்யுங்கள் அக்கா என்றார். கட்டடம் எங்கே என்று இழைக்காரி கேட்டாள். கட்டடம் பிறகு வரும், கதவு தயார் என்றார் உதவியாளர்.

அவர் போனதும் அவள் இரண்டு சட்டைகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். ஒரே உருட்டுத் துணி, ஒரே வெள்ளை. தலைவர் சட்டையில் மடிப்பு அகலமாக இருந்ததே தவிர உள்ளே பெரும்பாலும் வெறும் ஊசித் தழும்பு. பல ஆண்டு எடுத்து எடுத்து ஒரு கொத்து நூல்தான் மீந்திருந்தது. ஒரு நெஞ்சுக்குப் போதும். இரண்டுக்குப் போதாது. கீழே ரொட்டிக்கடையில் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. இழைக்காரி அந்தக் கொத்தை உருவிப் புருஷனின் சட்டையில் ஓட்டினாள். தலைவரின் சட்டைக்குக் கடைநூல் போட்டு, நன்றாகத் தேய்த்து, மடித்துக் கொடுத்தனுப்பினாள். ஒரு தையல்கூடத் தப்பவில்லை. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் தலைவர் கதவின் முன்னால் நின்று ஒலிபெருக்கியில், “இந்த ஊருக்காக என் உயிரையும்” என்றார். அதோடு விழுந்தார். வாக்கியம் பாதியில் நின்றது. அதே சமயம் ரொட்டிக்கடை மாடியில் மாவு படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “தருவேன் என்பதை இந்நேரத்தில் உறுதியோடு கூறி, வாய்ப்பளித்தமைக்கு நன்றி தெரிவித்து அமர்கிறேன்” என்றார். உதட்டு நீலம் மறைந்திருந்தது. இருமல் இல்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். கேட்கும் முன் பெரியோர்களே, தாய்மார்களே என்றார். கதவை அன்று யாரும் திறக்கவில்லை, அதற்குப் பின்னால் போக வேண்டிய தேவையும் யாருக்கும் இருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தலைவரின் மனைவி அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். நெஞ்சுப்பக்கத்தை விரலால் தடவி, “இது கடைநூல்தானே” என்றார். ஆமாம் என்றாள் இழைக்காரி. பொய் சொல்ல நினைத்திருந்தாள், வரவில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளறையில் தொண்டைச் செருமல் கேட்டது. தலைவரின் மனைவியின் முகம் மாறியது. எழுந்து கதவோரம் போய் நின்று, மாவு பேசி முடிக்கும்வரை முழுவதையும் கேட்டார். போலீஸ், சாபம், அடி என்று எது வந்தாலும் வரட்டும் என இழைக்காரி சுவரோடு ஒட்டி நின்றாள்.

“முடிக்கிற இடத்துல கை தட்டிடும்மா,” என்றார் தலைவரின் மனைவி. “இல்லன்னா முதல்லேருந்து ஆரம்பிச்சிடுவாரு. கல்யாணமான நாள்லேருந்து தட்டிக்கிட்டுதான் இருந்தேன்.” சட்டையை நாற்காலியில் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். அதன் பிறகு வரவே இல்லை.

மாவு இன்றைக்கும் மில்லுக்குப் போகிறார். நேரத்துக்குத் திரும்புகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். சிரிப்பும் சோடா மாவுக் கதையும் திரும்பி வரவில்லை. மகள் மட்டும் அப்படியே இருக்கிறாள். சாப்பாடு முடிந்ததும் எழுந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, இளம் வயதிலேயே நம்மை மீளாத் துயரில் ஆழ்த்திச் சென்ற அருமைச் செல்வி என்று தொடங்கி, பெயரைச் சொல்லி, அவள் செருப்பை மாற்றி மாற்றிப் போட்டதையும் காய்ச்சலில் தண்ணீர் கேட்டதையும் வரிசையாக எடுத்துரைத்து, நன்றி கூறி நிறுத்துகிறார். கீழே ரொட்டிக்கடைக்காரருக்கு எல்லாம் கேட்கும், பழகிவிட்டார். இழைக்காரி கை தட்டினால் உட்கார்ந்துவிடுகிறார். சில நாட்களில் அவள் வேண்டுமென்றே தட்டுவதில்லை.