சனிக்கிழமைக் கோழி

‘டப்’பென்று ஒரு சத்தம். அது அடங்குவதற்குள் இன்னொன்று.

கூடத்தில் வாழையிலையைத் துடைத்துக்கொண்டிருந்த ராசம்மா துணியைப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். ஓவனின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கறுப்பாகப் புகை சுருண்டுகொண்டிருந்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம் மூக்கைத் துளைத்தது.

“அலமாக்! என்னா ராசம்மா, வீட்டையே கொளுத்தப் போறியா?” என்று பின்னாலேயே வந்தாள் அண்ணி கிருஷ்ணம்மா.

ராசம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாங்கி வந்த வருடம் ஒரே ஒரு கேக் செய்ததோடு சரி. அதன் பிறகு அந்த ஓவன் அவள் வீட்டில் அலமாரியாகத்தான் இருந்தது. தீபாவளி முறுக்கு டப்பாக்களும், ஐஸ்கிரீம் டப்பாக்களும், என்றைக்காவது உதவும் என்று சேர்த்து வைத்த மூடிகளும் அதற்குள்தான் குடியிருந்தன. “அரை மணி நேரம் முன்னாடியே ஓவனைச் சூடு பண்ணிடுங்க” என்று போனில் சொன்ன பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்? இவளுக்கும் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. எட்டு நாளாக அவளுக்கு எதுவும் தோன்றுவதில்லை.

“ஆன்ட்டி, சுவிட்ச்! சுவிட்சை முதல்ல அடைங்க!”

வெளிக்கேட்டைத் தாண்டி ஓடி வந்தாள் ஜோஆன். ஒரு கையில் செய்தித்தாளில் சுற்றிய பெரிய தட்டு, இன்னொரு கையில் கோழியும் காய்கறியும் கிடந்த பை. இரண்டையும் தரையில் வைத்துவிட்டு, தானே சுவிட்சை அணைத்து, ஜன்னல்களைத் திறந்தாள். செருப்பைக் கழற்ற மறந்துவிட்டதைப் பாதியில் கவனித்து, பதறிப்போய் வாசலுக்கு ஓடிக் கழற்றிவிட்டு வந்தாள்.

“ஆன்ட்டியாம்ல! மாமியாரை ஆன்ட்டின்னு கூப்பிடுற மருமகளை இந்த ஸ்கூடாய் ஊர்லதான் நான் பாக்கறேன்” என்றாள் கிருஷ்ணம்மா, காற்றைப் பார்த்து.

“எப்படியோ கூப்பிடட்டும், விடுங்க அண்ணி.”

அப்படிச் சொல்ல ராசம்மாவுக்கே வியப்பாக இருந்தது. இரண்டு வருடங்களாக அந்தப் பெண்ணின் பெயரைக்கூட அவள் வாயால் சொன்னதில்லை.

ரூபேந்திரன், வீட்டில் ரூபன், அவளுக்கு ஒரே பிள்ளை. சிங்கப்பூரில் வேலை. விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார்சைக்கிளை எடுத்தால் எல்லைப் பாலம் தாண்டிப் போய்த் திரும்ப இருட்டிவிடும். இரண்டு வருடங்களுக்கு முன்னால், சிகாமட்டிலிருந்து வந்து இங்கே கிளினிக்கில் வேலை பார்த்த ஜோஆனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். வேதக்காரப் பெண். “நான் உயிரோட இருக்கிற வரைக்கும் நடக்காது” என்றாள் ராசம்மா. அவன் கோயிலிலும் கட்டவில்லை, சர்ச்சிலும் கட்டவில்லை. அம்மா இல்லாமல் எதற்குச் சடங்கு என்று பதிவு மட்டும் செய்துகொண்டான். அதற்குப் பிறகு அவன் இந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. போன வாரம் மழையில் வண்டி சறுக்கி, வேலைக்குப் போனவன் பிணமாகத்தான் இந்த வீட்டுக்குள் வந்தான்.

இன்று எட்டாம் நாள் படையல். செத்தவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் வைத்துக் கூப்பிட வேண்டும். ஆட்டுக்கறிப் பிரட்டல், மீன் பொரியல், முட்டை, உளுந்து வடை என்று ராசம்மா பட்டியல் போட்டாள். போட்டுக்கொண்டே வந்தவள் நேற்றுச் சட்டென்று நின்றுவிட்டாள். இருபத்தெட்டு வயது ரூபனுக்கு என்ன பிடிக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவாள். முப்பது வயது ரூபன் என்ன சாப்பிட்டான்? அவளுக்குத் தெரியவில்லை. பிடிக்காத இலையைப் பார்த்துவிட்டு அவன் வாசலோடு திரும்பிப் போய்விட்டால்? அந்தப் பயம்தான் அவளைப் போனை எடுக்க வைத்தது.

“சனிக்கிழமையானா கோழி ஆன்ட்டி” என்று மறுமுனையில் ஜோஆன் சொன்னாள். “ஒரே தட்டுல கோழி, காய்கறி, பழம் எல்லாம் வச்சு ஓவன்ல சுடறது. ஒரு வாரம்கூட விட்டதில்ல.”

“படையலுக்கு வீட்டுலதான் சமைக்கணும். வந்து செஞ்சு குடு” என்றாள் ராசம்மா. அவ்வளவுதான் பேசினார்கள்.

உருகிய டப்பாக்களைக் கத்தியால் சுரண்டி எடுக்க அரை மணி நேரம் ஆனது. ஒருத்தி சுரண்ட, இன்னொருத்தி துடைத்தாள். நாற்றம் போக எலுமிச்சம்பழத்தோலைத் தேய்த்தாள் ஜோஆன். பிறகு கைகழுவி, தட்டைப் பிரித்து மேசையில் வைத்தாள். ஓரமெல்லாம் எண்ணெய் கருகிப் போயிருந்த கறுப்புத் தட்டு. கோழியைப் பையிலிருந்து எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

“என்னா பொண்ணு, கோழி உயிரோட இருக்கா? வெட்டு” என்றாள் கிருஷ்ணம்மா.

ஜோஆனின் காது சிவந்தது. “எனக்கு... எனக்கு இது செய்யத் தெரியாது ஆன்ட்டி.”

“பின்ன யாரு செய்வா?”

“அவருதான் செய்வாரு.”

கிருஷ்ணம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். “ஆம்பளப் புள்ளைய அடுப்புல நிக்க வச்சியா? விடிய முன்ன எழுந்து பாலம் தாண்டிப் போயிட்டு வர்றவன!”

“நான் வேணாம்னுதான் சொல்வேன். போன்ல வீடியோ பாத்து அவராத்தான் கத்துக்கிட்டாரு. சனிக்கிழமை அரைநாள் வேலை. வந்தவுடனே சட்டையைக்கூட மாத்தாம வெங்காயம் உரிப்பாரு.”

தண்ணீர் வேண்டுமென்றால்கூட “அம்மா, தண்ணி” என்று கூடத்திலிருந்து கத்துகிறவன் ராசம்மாவின் பிள்ளை. இந்த அடுப்படியில் உப்பு எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. வெங்காயம் உரிக்கிற ரூபனை எப்படிப் பார்த்தாலும் அவளால் கண்ணுக்குள் கொண்டுவர முடியவில்லை.

“ஒண்ணு இருக்கு ஆன்ட்டி.” ஜோஆன் போனை எடுத்தாள். “ஒரு சனிக்கிழமை மழைன்னு பஸ்ல போனாரு. திரும்பி வரச்சே பாலத்துல மாட்டிக்கிட்டாரு. என்னையே செய்யச் சொல்லி வாய்ஸ் அனுப்பினாரு. நான் அன்னைக்குச் செய்யல, கடையில வாங்கிட்டேன். இதை மட்டும் அழிக்காம வச்சிருக்கேன். போடவா?”

ராசம்மா தலையசைத்தாள்.

“ஜோ, செத்தேன் லா, செம ஜாம்” என்றது ரூபனின் குரல், அடுப்படி நடுவில் நின்று. “பஸ்ஸு அசையவே மாட்டேங்குது. நீ ஆரம்பிச்சிரு. பயப்படாத, ஒரே தட்டுதான், கழுவறதும் ஒண்ணுதான். உருளைக்கிழங்கு, கேரட் அடியில. வெங்காயத்த நாலாப் பொள. கோழிய மேல வை, தோலு மேல பாக்கணும். பூண்டு, மிளகுத்தூள், சோயா கிச்சாப்பு, கொஞ்சம் தேன், நல்லாத் தடவு. அன்னாசிய பெருசு பெருசா வெட்டு. சின்னதா வெட்டினா கரைஞ்சு ஜாம் ஆயிரும், ஏற்கெனவே இங்க ஒரு ஜாம் போதும்.” அவனே சிரித்தான். “உப்பு எத்தன ஸ்பூன்னு கேக்காத. எங்கம்மா ஸ்பூன் பிடிச்சு நான் பாத்ததே இல்ல. கையில அள்ளி நல்லா மேலேருந்து போடு. அப்பத்தான் எல்லா எடத்துலயும் விழும். அது எங்கம்மா டெக்னிக்.” எங்கோ ஹார்ன் ஒலித்தது. “ஆ, நகருது நகருது. வச்சிடறேன்.”

கிருஷ்ணம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

“இன்னொரு வாட்டி போடு” என்றாள் ராசம்மா.

நான்கு தடவை போட்டார்கள். முதல் தடவை ராசம்மா நின்று கேட்டாள். இரண்டாம் தடவை உருளைக்கிழங்கை எடுத்தாள். அவன் சொல்லச் சொல்ல ஒருத்தி வெட்டினாள், ஒருத்தி அடுக்கினாள். கோழித்தொடைகள் தோல் மேல் பார்க்க வரிசையாக உட்கார்ந்தன. இடுக்குகளில் பொந்தியான் அன்னாசி மஞ்சளாகத் தலைகாட்டியது. அவன் சொல்லாத ஒன்றையும் ஜோஆன் ஞாபகமாகச் சேர்த்தாள். தட்டின் ஓரத்தில் இரண்டு பச்சை ஆப்பிள், நாலாக அரிந்து. உப்பு என்று வந்ததும் ராசம்மா கையில் அள்ளி, தோளுயரத்துக்குத் தூக்கித் தூவினாள். இப்படித்தான் நாற்பது வருடமாகப் போடுகிறாளா? அவளே கவனித்ததில்லை. அவன் கவனித்திருக்கிறான்.

தட்டு ஓவனுக்குள் போனது. ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

இரண்டு பேரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ராசம்மா மைலோ கலக்கி ஒரு கோப்பையை அவள் பக்கம் தள்ளினாள்.

“சாப்பிட்டியா?”

“இல்ல ஆன்ட்டி.”

“எப்பலேருந்து?”

ஜோஆன் யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்று தலையாட்டினாள். மைலோவில் ஆடை படிந்தது. கோழியின் எண்ணெய் சீறுகிற சத்தம் ஓவனுக்குள் ஆரம்பித்தது.

“என்னயப் பத்தி எதுவும் பேசுவானா?”

“பேசுவாரு. தினமும்.”

“கோவமா?”

“கோவம் இல்ல ஆன்ட்டி.” அந்தப் பெண் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். “வருத்தம்.”

கோபம் என்று சொல்லியிருந்தால் ராசம்மாவிடம் பதில் இருந்தது. இரண்டு வருடமாக, பாத்திரம் கழுவும்போதும் துணி காயப்போடும்போதும், அவன் கோபத்துக்குப் பதில்களைச் சேர்த்து வைத்திருந்தாள். வருத்தத்துக்கு ஒன்றுகூட இல்லை. எழுந்துபோய் ஓவன் முன்னால் நின்றுகொண்டாள்.

“இன்னைக்கு வருவானாடி?” என்றாள் திரும்பாமலே.

“எனக்கு உங்க முறை தெரியாது ஆன்ட்டி.” கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, “ஆனா இந்த வாசனை வந்தா அவரு குளிச்சிட்டு இருந்தாக்கூட ஓடி வந்துருவாரு” என்றாள்.

வாசனை உண்மையிலேயே வந்துவிட்டது. கருகிய பிளாஸ்டிக் நாற்றத்தைத் துரத்திவிட்டு, பூண்டும் தேனும் சுட்ட அன்னாசியுமாக வீடு முழுக்கப் பரவியது. ரெங்கத்திலிருந்து வந்திருந்த அண்ணன் வீரமுத்து, அவர்தான் படையலை முன்நின்று நடத்துகிறவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“இது என்னாம்மா, கோழிக்குள்ள அன்னாசியா, அன்னாசிக்குள்ள கோழியா?”

“ரெண்டும் பக்கத்துல பக்கத்துல, அங்கிள்.”

“அவன் இதையா தின்னான்? பேஷ். எனக்கும் ஒரு துண்டு எடுத்து வை. அவன் சாப்பிட்டப்புறம்” என்றவர் சட்டென்று கூடத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏழு மணிக்கு இலை போட்டார்கள். ரூபனின் படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு எரிந்தது. கிருஷ்ணம்மா ஆட்டுக்கறியை நடுவில் வைத்து, கோழித்தட்டை இலைக்கு வெளியே ஓரமாக நகர்த்தினாள். ராசம்மா குனிந்து கறியை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு, நடுவில் இடம் விட்டாள்.

“நீ வைம்மா” என்றாள் ஜோஆனிடம்.

“ராசம்மா, தாலிகூடக் கட்டாதவ—”

“கிருஷ்ணம்மா, வாய மூடு” என்றார் வீரமுத்து. “அவன் பசிக்கு யாரு வச்சா என்னா?”

ஜோஆன் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். ஒரு தொடை, அடியில் ஊறிக் கிடந்த இரண்டு உருளைக்கிழங்கு, ஓரம் கறுத்த அன்னாசித்துண்டு ஒன்று. வைத்துவிட்டு எழ முடியாமல் அப்படியே இருந்தாள். ராசம்மாதான் தோளைப் பிடித்துத் தூக்கினாள். அவ்வளவு லேசாக இருந்தது அந்த உடம்பு.

“எல்லாரும் வெளிய வாங்க” என்றார் வீரமுத்து. “நம்ம கண்ணு முன்னாடி அவன் வர மாட்டான். கொஞ்ச நேரம் அவனைத் தனியா விடணும்.”

வாசலுக்கு வந்து கதவைச் சாத்தினார்கள். தாமான் குடியிருப்பில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. வேலை முடிந்து திரும்பும் கார்கள் வளைந்து வளைந்து போயின. ஒரு மோட்டார்சைக்கிள் சத்தம் நெருங்கி வந்தது. ராசம்மாவும் ஜோஆனும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அது அடுத்த சந்துக்குப் போயிற்று. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பத்து நிமிடம் கழித்து வீரமுத்து தொண்டையைச் செருமினார்.

“போதும் ராசம்மா. நீதான் பெத்தவ. மூணு வாட்டி தட்டி, பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கதவைத் திற.”

ராசம்மா கதவருகே போனாள். கையைத் தூக்கினாள். மடக்கிய விரல்கள் பலகைக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றுவிட்டன. உள்ளே அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறானா, எழுந்து போய்விட்டானா, வரவே இல்லையா என்று காதைக் கொடுத்துக் கேட்பவள்போல நின்றாள்.

“என்னா ராசம்மா? தட்டு.”

அவள் கையை இறக்கினாள். திரும்பி, சற்றுத் தள்ளி நின்றிருந்த ஜோஆனின் மணிக்கட்டைப் பிடித்துக் கதவுக்கு அருகே இழுத்தாள். ராசம்மாவின் உதடுகள் கோணிக்கொண்டன.

“நீ தட்டும்மா, நான் தட்டினா அவனுக்குப் புடிக்காது... கையெழுத்துப் போட்ட அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் மாலையோட வந்து இந்தக் கதவத் தட்டிக்கிட்டே நின்னீங்களே, அப்ப நான் எங்கயும் போகல, இதுக்குப் பின்னாலதான் நின்னுக்கிட்டு இருந்தேன்.”