முதல் வாய்க் காப்பி

விடியற்காலை ஐந்து மணிக்கே இறைச்சி ஆலையில் பன்றித் தொடைகள் கொக்கிகளில் தொங்கிக்கொண்டு வரத் தொடங்கிவிட்டன. எலும்பை ஒட்டிக் கத்தியை இறக்கிச் சதையைப் பிரிக்க ரொடீகாவுக்கு இருபது விநாடிதான். கம்பிவலைக் கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போயிருந்தன.

அந்த விரல்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதின. ருமேனியாவிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு இந்த ஜெர்மன் ஊரில் கை மட்டும்தான் உண்டு, வாய் கிடையாது என்று நினைத்தார்கள் பாவிகள். கூட வேலை பார்த்த கோஸ்தெலுக்குக் காய்ச்சலிலும் விடுப்புத் தராததால் அவன் வேலையிலேயே சரிந்து செத்ததை அவள் எழுதினாள். பெயர்களை மாற்றினாள், ஊரை மாற்றினாள், இறைச்சி ஆலையை மீன் ஆலையாக்கினாள். புனைபெயரில் பத்திரிகையில் வந்தது. அதே ஆலையில் வேலை செய்யும் கோஸ்தெலின் அண்ணன் வாசிலே அன்றிலிருந்து அவளோடு பேசுவதில்லை. "எழுதி என்னத்தக் கிழிச்ச? இருக்குற சோத்துலயும் மண்ணப் போட்டுராத" என்றதோடு சரி.

காப்பி இடைவேளையில் முதலாளி ஹார்ட்விக் பத்திரிகையோடு வந்தார்.

"மீன் ஆலையாம்! செத்தவனுக்குன்னு முதல் வாய்க் காப்பியத் தரையில ஊத்துற கூத்து எந்த மீன் ஆலையில நடக்குது? இந்த மேசையில மட்டுந்தான் நடக்குது."

ரொடீகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் மாற்றியவள் அந்த ஒரு வாய்க் காப்பியை மாற்ற மறந்துவிட்டாள்! தினமும் செய்வது என்பதால் அது தோன்றவே இல்லை.

"கோஸ்தெலுக்குக் காய்ச்சல்னு சொன்னோமேய்யா" என்றது ஒரு குரல்.

"சொன்னீங்க. பன்னி காத்திருக்குமா? இனிமே ஊத்துறவன் எவனோ அவன்தான் எழுதினவன். வேலையும் கிடையாது, என் கட்டடத்துல தங்கக் கட்டிலும் கிடையாது. சாயங்காலத்துக்குள்ள மூட்டையக் கட்டணும்."

ரொடீகா எழுந்தாள். வாசிலே அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தான்.

"சும்மா இரு தாயி."

பிளாஸ்க்கைத் திறந்தான். கோப்பையை நிரப்பினான். முதலாளியின் பளபளக்கும் பூட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு வாய் ஊற்றினான்.

"நான்தான் எழுதினேன்."

"நீயா? உனக்குக் கையெழுத்தே போட வராதேடா!"

"என் தம்பிக்கு ஊத்த வரும்."

எதிரே இருந்தவன் ஊற்றினான். அடுத்தவள் ஊற்றினாள். இருபத்திரண்டு கோப்பைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ரொடீகாவும் ஊற்றினாள்.

இடைவேளை முடிந்து சங்கு ஊதியது. ஒருவரும் எழவில்லை. உள்ளே தொடைகள் வெட்ட ஆளில்லாமல் கொக்கிகளில் போய்க்கொண்டிருந்தன. ஹார்ட்விக் முகம் சிவக்கப் போனை எடுத்து, புது ஆட்களை அனுப்பும்படி யாரிடமோ கத்தினார்.

கட்டில் நிலைக்குமோ நிலைக்காதோ, யாருக்கும் தெரியாது. வாசிலே மிச்சக் காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தான்.

"இதையும் எழுது தாயி" என்றான். "இந்தத் தடவ பேர மாத்தாத."