அழித்தபின் ஓடிய தூரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வண்டியைக் கழுவினேன். ஏழு மணிக்கு ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் துளையில், வண்டியின் கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகி, போனில் ஆப்பைத் திறந்து, 'அழி' என்பதைத் தொட்டேன். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம் என்றேன். செக் என்ஜின் விளக்கு அணைந்தது. மூன்று நிமிட வேலை. மறுபடி எரிகிறதா என்று பார்க்கக் குடியிருப்பைச் சுற்றி ஒரு சுற்று ஓட்டினேன். எரியவில்லை. பத்து மணிக்கு மாமனாரும் மச்சினியும் வண்டியை எடுத்துப்போக வருவதாக இருந்தது.

என் மனைவி இறந்தது இந்த வண்டியில் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அலுவலக மாடிப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஐந்து மாதம் ஆகிறது.

வண்டி அவளுடையது. கல்யாணத்துக்கு முன்பே தன் சம்பளத்தில் வாங்கியிருந்தாள். நான் பேருந்தில் போகிறவன். எங்கள் வீட்டுக்கான நிறுத்துமிடம் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே. டீ போடும்போது வண்டியின் கூரை தெரியும். பாத்திரம் கழுவும்போதும் தெரியும். மச்சினி வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறவள்; ஸ்கூட்டரில் நாளுக்கு ஆறேழு வீடு. வண்டியை அவளே வைத்துக்கொள்ளட்டும், பணம் ஒன்றும் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பெரிய மனசு என்றார்கள். அந்தக் கூரை கண்ணில் படாமல் இருந்தால் போதும் எனக்கு.

கோளாறு இதுதான். சூடு ஏறினால், என்ஜினின் சுழற்சியை அளக்கும் சென்சார் சில சமயம் செத்துப்போகும். ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் நின்றுவிடும். ஸ்டியரிங் கல்லாகிவிடும். பத்து நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். ஸ்கேனரில் P0335 என்று ஒரு எர்ரர் கோடு வரும். சரிசெய்ய வேண்டுமென்றால் ஒர்க்‌ஷாப்பில் விட வேண்டும். சாமான் வரப் பத்து நாள் ஆகும். பிறகு வண்டி இங்கேயே திரும்பி வந்து நிற்கும். அவர்கள் இன்னொரு ஞாயிறு வர வேண்டும். அந்தப் பத்து நாளுக்காகத்தான் அழித்தேன். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மாமனார் பேருந்துப் பணிமனையில் டயர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் டயரைத்தான் உதைப்பார். பத்து மணிக்கு வந்து இறங்கியதும் நான்கையும் உதைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"காத்து கல்லு மாதிரி இருக்கு. மாப்ள கை பட்ட வண்டின்னா சும்மாவா? இனிமே கண்ண மூடிட்டு ஓட்டலாம்."

"கண்ண மூடிட்டு நீங்க ஓட்டுங்கப்பா. நான் தொறந்துட்டே ஓட்டறேன்" என்றாள் மச்சினி. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். காலையில் நானும் சீட்டை நகர்த்தவில்லை; அவளுக்கும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. அக்கா உயரம்தான். கைப்பையிலிருந்து சின்னதாக ஒரு நீலப் பெட்டியை எடுத்தாள். ஸ்கேனர். என்னுடையதைவிடப் புதிது.

"இது எப்ப வாங்கின?" என்றேன்.

"வண்டி வருதுன்னதும் வாங்கிட்டேன் அத்தான். பொம்பளப் புள்ள வண்டி கொண்டாந்தா இல்லாத வியாதி எல்லாம் சொல்லுவானுங்க."

மாமனாருக்கு முகம் மாறிவிட்டது. "ஏய் வாலு, உள்ள வை அத. மாப்ள வண்டிக்கே சோதனையா? உங்கக்காவப் பாக்க வந்தப்ப அவரு நம்மகிட்ட டாக்டர் சர்டிபிகேட்டா கேட்டாரு?" என்னிடம் திரும்பினார். "தப்பா எடுத்துக்காதீங்க மாப்ள. செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கேன்."

"பரவால்ல மாமா. பாக்கட்டும்" என்றேன். என் குரல் நன்றாகவே இருந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு நான் பெருந்தன்மை காட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் செருகினாள். போனைப் பார்த்தாள். "ஒரு கோடும் இல்ல."

"நான் சொல்லல?" என்று மாமனார் கூரையைத் தட்டினார்.

அவள் போனை வைக்கவில்லை. விரலால் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனாள். பேட்டரி, வெப்பம், என்னென்னவோ எண்கள். ஓர் இடத்தில் விரல் நின்றது. திறந்த கதவருகே நின்ற எனக்கும் தெரிந்தது. கோடுகளை அழித்தபின் ஓடிய தூரம்: 1 கி.மீ. அப்படி ஒரு வரி உண்டு என்பதே எனக்குத் தெரியாது. இரண்டு வருடமாக ஸ்கேனர் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு பொத்தானைத்தான் பழகியிருந்தேன்.

"அப்பா, வண்டி பேப்பரெல்லாம் மேல சாப்பாட்டு மேசைல இருக்காம். எடுத்துட்டு வந்துடறீங்களா? அப்படியே தண்ணி குடிச்சுட்டு வாங்க, மூணு மாடி."

மாமனாரின் செருப்புச் சத்தம் படிகளில் தேய்ந்து மறையும்வரை காத்திருந்தாள்.

"எப்ப அழிச்சீங்க?"

"காலைல."

"அந்த என்ஜின் நிக்கிறதுதான?"

அவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். தலையாட்டினேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன் அத்தான். அதுக்குத்தான் உங்க கண்ணு முன்னாடியே மாட்டினேன். அப்பவும் பாக்கட்டும்னீங்க." அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வயதான நோயாளியிடம் பேசுகிறவள்போல மெதுவாகப் பேசினாள். "அக்காவுக்கு நாலு தடவ நின்னுருக்கு. ஒரு தடவ பாலத்து மேல. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சுட்டே வந்தானாம்."

"என்கிட்ட ஒரு தடவதான் சொன்னா."

"சொன்னப்ப நீங்க சரிபண்ணிட்டீங்களாமே. அதுக்கப்பறமும் நின்னுதுன்னு எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டா. பாவம், வெயில்ல நின்னு அவ்வளவு நேரம் பண்ணினாருன்னு சொன்னா."

வெயிலில் நின்ற அந்த ஞாயிறு எனக்கு ஞாபகம் இருக்கிறது. விளக்கை அணைக்க மூன்று நிமிடம் ஆனது. அவ்வளவு சீக்கிரம் மேலே போனால் மனைவி நம்ப மாட்டாள் என்று, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். எதையோ முறுக்குவதுபோலக் கையை உள்ளே விட்டுக்கொண்டேன். சமையலறை ஜன்னலிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் மேல்மூச்சு வாங்கிக்கொண்டே குடித்தேன்.

"அப்பாகிட்ட நான் சொல்லப் போறதில்ல" என்றாள் மச்சினி. "இப்படியே எடுத்துட்டுப் போய் நானே ஒர்க்‌ஷாப்ல விட்டுக்கறேன். அவருக்குத் தெரிய வேணாம். உங்க இஷ்டம்."

படிகளில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமனார் காகித உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். முன் சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டி, இழுத்துப் பார்த்தார். "வரட்டுமா மாப்ள? சாப்பாட்டுக்கு வாங்க ஒரு நாள். ஒத்தையா சமைச்சு என்னத்த சாப்புடறீங்களோ."

வழிவிட்டு ஓரமாக நகர்ந்தால் போதும். முடிந்துவிடும். ஜன்னலுக்குக் கீழே வெறும் தரை இருக்கும்.

"மாமா, இறங்குங்க" என்றேன்.

நான்கைந்து வாக்கியங்களில் சொல்லிவிட்டேன். கோளாறு, விளக்கு, காலையில் அழித்தது, முன்பும் அழித்தது. அவர் பெல்ட்டோடு உட்கார்ந்து கேட்டார். உறையின் ஓரத்தை மடித்து மடித்து நிமிர்த்தினார்.

"பெரியவ தெனம் இதுலதான போனா?"

"ஆமா மாமா."

பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு இறங்கினார். "ஒர்க்‌ஷாப் எங்க?"

"தெருக் கடைசில. மதியம் வரைக்கும் தொறந்திருக்கும்."

மகளைப் பார்த்துச் சொன்னார்: "என்ஜினப் போடாத. சாவிய மட்டும் திருப்பி நியூட்ரல்ல வை. தள்ளிட்டுப் போவோம்."

"இப்ப சூடு இல்ல மாமா. ஓட்டிட்டே போயிடலாம். நிக்காது."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. பின்பக்கம் போய் டிக்கியில் இரண்டு கைகளையும் ஊன்றினார். நானும் பக்கத்தில் போய் ஊன்றினேன். நீங்க வேணாம் மாமா என்றேன். அவர் காலை ஊன்றித் தள்ளினார். வண்டி முதலில் அசையவில்லை. பிறகு அசைந்தது.

வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தோம். அவர் மூச்சு எனக்குக் கேட்டது. பணிமனையில் முப்பது வருடம் தள்ளிய உடம்பு, எங்கே பலம் கொடுக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. காய்கறிப் பையோடு வந்த எதிர்வீட்டுக்காரர் நின்று சிரித்தார்.

"என்ன சார், மத்த நாள்ல வண்டி உங்களத் தூக்கிட்டுப் போகும். இன்னிக்கு நீங்க அதத் தூக்கிட்டுப் போறீங்களா? என்னாச்சு பெரியவரே?"

"பேட்டரி டவுன் சார்" என்றார் மாமனார். சாதாரணமாகச் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். எதிர்வீட்டுக்காரர் அதற்குள் போய்விட்டார். மாமனார் தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

ஒர்க்‌ஷாப்புக்கு நூறடி இருக்கும்போது தெரு லேசாகச் சரிகிறது. நடந்து போகிறபோது தெரியாத சரிவு. வண்டி எங்கள் உள்ளங்கைகளை விட்டு விரலகலம் விலகி, தானாக உருண்டது. மச்சினி மெதுவாக பிரேக்கை மிதித்துக்கொண்டே போனாள். மாமனார் கையை இறக்கவில்லை. நானும் இறக்கவில்லை. இருவரும் கைகளை முன்னால் நீட்டியபடியே அதன் பின்னால் நடந்தோம்.