நான்கு டிகிரி

சாந்தாமேரி மூன்று மாதமாக அந்தப் பாலத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு தடவையாவது கண்ணில் பட்டால்தானே குண்டு போட முடியும்?

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, கோயில் தெருவில் ஒற்றை அறையில் அவள் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாள். இரண்டு கம்ப்யூட்டர்கள், ஒரு பிரிண்டர். பள்ளிக்கூடங்களுக்குக் கேள்வித்தாளும் எஸ்டேட்டுகளுக்குக் கடிதமும் அடித்துக் கொடுப்பதுதான் தொழில். பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி, ஈஸ்டருக்கு வந்தபோது ஒரு கம்ப்யூட்டரில் விமானப்போர் விளையாட்டை ஏற்றிவிட்டுப் போயிருந்தான். பழைய உலகப்போர்க் காலத்துக் குண்டுவீச்சு விமானம். வரைபடத்தை வைத்து வழி கண்டுபிடித்து, நூறு மைல் பறந்துபோய் ஒரு ரயில் பாலத்தை உடைக்க வேண்டும். வேலை இல்லாத மத்தியானங்களில் அவள் கிளம்புவாள். பாதி வழியில் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போகும். சுற்றிச் சுற்றி, பெட்ரோல் தீர்ந்து, யாரோ ஒருவருடைய வயலில் விழுவாள்.

தொண்ணூற்றேழாம் வருடம் ஜூலை மாதம் சென்டரில் ஸ்டெபிலைசர் புகைந்தது. மலையிலேயே இன்னொரு ஊரான வாழவந்தியிலிருந்து மாதேஸ்வரன் வந்தார். ரேடியோ, மோட்டார், மிக்ஸி என்று எது கெட்டாலும் மலையில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயது. விமானப்படையில் இருந்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றிக் கேட்டால் பேச மாட்டார் என்பதும் தெரியும்.

வேலையை முடித்து, கரெண்டு சரியாக வருகிறதா என்று பார்க்க நின்றவர், திரையைக் கவனித்தார்.

"கண்ணு, இப்ப எங்க போறே?"

"பாலத்துக்குத்தானுங்ணா."

"பாலம் உனக்கு முதுகுப் பக்கமில்ல இருக்குது?"

சாந்தாமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படின்னா நீங்களே வழி சொல்லுங்க பாக்கலாம்."

தம்பி விட்டுப்போன வரைபடத்தின் ஜெராக்ஸை அவர் மேசைமேல் விரித்தார். ஸ்கேல் கேட்டார், பாகைமானி கேட்டார். விமானத்தளத்திலிருந்து பாலத்துக்கு ஒரு கோடு இழுத்தார். வழியில் ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு வட்டம் போட்டார்.

"திசைகாட்டியில எழுபத்திநாலு. வேகத்தை மாத்தாதே. நிமிஷத்துக்கு நாலு மைலு. பத்து நிமிஷத்துல இந்த ஆத்து முனை உன்ர மூக்குக்குக் கீழ வரோணும். வந்தா நாம சரியாப் போறோம்னு அர்த்தம்."

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டார். பத்தாவது நிமிடம் ஆறு சொன்ன இடத்தில் வந்தது. இருபத்திமூன்றாவது நிமிடம் தூரத்தில் ஒரு நூல்போலப் பாலம் தெரிந்தது. கீழிருந்து பீரங்கி வெடிக்கத் தொடங்கியதும் சாந்தாமேரி ஒதுங்கப் பார்த்தாள்.

"ஆட்டாதே. இனி ரெண்டு நிமிஷத்துக்கு உயரம் மாறக்கூடாது, வேகம் மாறக்கூடாது, தெசை மாறக்கூடாது. பாலம் தானா நழுவி, குறி பாக்கற அந்தச் சிலுவைக் கோட்டுக்குள்ள வரும். அடிச்சா அடிக்கட்டும். ஆட்டாதே... இப்ப உடு!"

பாலம் நடுவில் உடைந்து ஆற்றில் விழுந்தது. அவள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடை டெய்லர், துணியும் கையுமாக ஓடி வந்துவிட்டார்.

மாதேஸ்வரன் மட்டும் சிரிக்கவில்லை. கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வியாழக்கிழமை யாரும் கூப்பிடாமல் வந்து நின்றார்.

"அந்த வெளையாட்டுல, திசைகாட்டி நாலு டிகிரி தப்பாக் காட்டுனா வண்டி எங்க போயிச் சேரும்னு பாக்கோணும் கண்ணு."

"எதுக்குங்ணா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே பனிமூட்டம் தெருவை மூடியிருந்தது. வாடிக்கை யாரும் வருவதாகத் தெரியவில்லை. ராசாத்தியிடம்கூட, கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாததை அன்றைக்குச் சொன்னார்.

எழுபத்தொன்று டிசம்பர், போர் நேரம். அவருக்கு இருபத்தாறு வயது. வடக்கே ஒரு தளத்தில் விமானக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. விமானத்தின் இரும்பே திசைகாட்டியைக் கொஞ்சம் இழுக்கும். அதனால் விமானத்தைத் தரையில் ஒவ்வொரு திசையாகத் திருப்பி நிறுத்தி, எவ்வளவு பிசகு என்று அளந்து, சின்ன கார்டில் எழுதி உள்ளே செருகி வைப்பார்கள். அன்றைக்கு ஏக அவசரம். மேற்குத் திசைக்கு இரண்டு டிகிரி கழிக்க வேண்டும் என்று எழுதுவதற்குப் பதிலாக, கூட்ட வேண்டும் என்று எழுதிவிட்டார். மொத்தத்தில் நான்கு டிகிரி தப்பு. மறுநாள் காலை தன் குறிப்பேட்டைப் பார்த்தபோதுதான் தப்பு தெரிந்தது. அதற்குள் விமானம் போய்விட்டது. திரும்பி வரவில்லை. பைலட் இறந்தார். வழிகாட்டும் நேவிகேட்டர் பிடிபட்டு, ஒரு வருடம் கழித்து ஊர் திரும்பினார்.

"கார்டு வண்டியோடவே போயிருச்சு. ஒருத்தரும் என்னியக் கேக்கல. வழி தப்பித்தான் பீரங்கி இருக்கற எடத்துக்குப் போயி மாட்டியிருப்பாங்க. நாந்தான் அனுப்பி வெச்சேன்."

"அந்த நேவிகேட்டரைக் கேக்கலாமில்லீங்களா?"

"என்னன்னு கேப்பேன் கண்ணு? நாந்தான் கொன்னனானு கேக்கறதா?"

சாந்தாமேரி கம்ப்யூட்டரைப் போட்டாள். எழுபத்திநாலுக்குப் பதில் எழுபத்தெட்டு வைத்துப் பறந்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பத்தாவது நிமிடம் மூக்குக்குக் கீழே வெறும் வயல்தான் இருந்தது. ஆற்று முனை இடது பக்கம், மூன்று மைல் தள்ளிப் பளபளத்தது.

"ஆறு அந்தப் பக்கம் போயிருச்சுங்ணா. நான் திருப்பட்டுங்களா?"

அவர் கடிகாரத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டார். மறுபடியும் பறக்கச் சொன்னார். மறுபடியும் அதே இடத்தில் அவள் கை தானாக இடது பக்கம் போனது. மூன்றாவது தடவையும் அப்படித்தான்.

அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். "மூணு மாசமா வயல்ல உழுந்துட்டிருந்தவ நானு. எனக்கே தெரியுது, ஆறு எடம் மாறிப் போச்சுன்னு. அவரு படிச்சுப் பாஸ் பண்ணுன நேவிகேட்டரு. அவருக்குத் தெரிஞ்சிருக்காதுங்களா?"

"இது வெளையாட்டு கண்ணு."

"ஆமாங்க, வெளையாட்டுத்தான். அதனாலதான் சொல்றேன், அவருக்கே எழுதிக் கேட்டுருங்க. நான் அடிச்சுத் தாரேன்."

இரண்டு வாரம் அவர் பிடிகொடுக்கவில்லை. மூன்றாவது வாரம் வந்து, நின்றபடியே சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் அடித்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னார். முன்னாள் படைவீரர்கள் சிலர் மூலம் முகவரி கிடைத்தது, டேராடூன். பதில் சென்டருக்கே வரும்படி எழுதினார். கடிதம் போய் ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் அவர் ரிப்பேருக்கு வாங்கி வைத்த சாமான்கள் அப்படியே கிடந்தன. ராசாத்தி, உடம்புக்கு ஆகவில்லையா என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

செப்டம்பரில் பதில் வந்தது. சாந்தாமேரி பிரிக்காமல் சொல்லி அனுப்பினாள். அவர் அடுத்த பஸ்சில் வந்து, உறையைக் கையில் வாங்கி, திருப்பி அவளிடமே கொடுத்தார்.

"நீயே படி."

அவள் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தாள். "அன்புள்ள மாதேஸ்வரன், உங்கள் கடிதம் வந்தது. அன்றைக்கு நல்ல நிலா வெளிச்சம். முதல் ஆற்றைத் தாண்டும்போதே வழியிலிருந்து வடக்கே விலகியிருந்தோம். காற்றுதான் தள்ளிவிட்டது என்று நினைத்தேன். உங்கள் கார்டும் காரணம் என்று இப்போது தெரிகிறது. வரைபடத்தில் திருத்திக்கொண்டேன், ஒரு நிமிட வேலை. அதற்காகத்தானே என்னை ஏற்றி அனுப்பினார்கள்? போக வேண்டிய இடத்துக்கு மேலே சரியாகப் போனோம். குண்டுகள் குறியில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். அந்த இடத்தைச் சுற்றித்தான் பீரங்கிகள் இருந்தன. குறியை விட்டு விலகாமல் பறந்ததால் அடிபட்டோம். நான் குதிக்கும்வரை பைலட் விமானத்தை ஆட்டாமல் பிடித்திருந்தார். இதில் உங்களுக்குப் பங்கு இல்லை. இருபத்தாறு வருடமாகவா இதைச் சுமந்தீர்கள்? அன்றைக்கே கேட்டிருக்கக் கூடாதா?"

மாதேஸ்வரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப தப்பு இருந்துச்சு."

"இருந்துச்சுங்ணா."

"ஆத்துக்கிட்டயே பாத்துட்டாரு."

"பாத்துட்டாருங்க. திருத்திட்டாருங்க."

"இன்னொருக்கா படி."

நான்கு முறை படிக்க வைத்தார். நான்காவது முறை பாதியிலேயே இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். கேள்வித்தாள் வாங்க வந்த டீச்சரை வாசலிலேயே நிறுத்தி, "செத்த நேரம் கழிச்சு வாங்க டீச்சர்" என்று சாந்தாமேரி அனுப்பிவிட்டாள். பிறகு அவர் முகம் கழுவிக்கொண்டு வந்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். டீக்கடையில் நான்கு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள். அது போதாமல் இரண்டு பன்னும் தின்றார்.

நாலு மணி பஸ்சில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததுதான் தெரியும். கண்டக்டர் தோளைத் தட்டியபோது வாழவந்தியைத் தாண்டி வெகுதூரம் வந்திருந்தது.

"ஏனுங்க, உங்க ஊரு அப்பவே போயிருச்சுங்களே! கூவிக் கூவிப் பாத்தனுங்க."

"பரவால்லீங்க" என்று இறங்கினார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே தார்ரோட்டில் இரண்டு மைல் திரும்பி நடந்தார். பின்னால் வண்டியில் வந்த ஒருவன் ஏறச் சொல்லியும் வேண்டாம் என்றுவிட்டார்.

ராசாத்தி வாசலில் நின்றிருந்தாள். "இப்பிடி நனஞ்சுட்டு வாரீங்களே! பஸ் என்னாச்சுங்க?"

"பஸ்ல தூங்கிப்போட்டேன்."

"நீங்களா? ராத்திரியிலயே ஒழுங்காத் தூங்காதவரு, பஸ்லயா?"

"உள்ள வா, ராசாத்தி" என்றார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும். பயப்படாதே, நல்ல சமாச்சாரந்தான்."