மூன்று அலை நேரம்

ஜிஜெல் கடற்கரையில் சக்கர நாற்காலிக்காக நகராட்சி பலகைப் பாதை போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்றே ஹூரியா முடிவு செய்துவிட்டாள். இந்த வாரம் புருஷனைக் கடலில் இறக்கியே தீருவது.

லக்தர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். பக்கவாதம் வலப்பக்கத்தைக் கொண்டுபோன பிறகு, லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் ஒன்றரை வருடமாகக் கிடக்கிறான். பேச்சில் மிஞ்சியது 'ஆமா', 'இல்ல', ஒரு கெட்ட வார்த்தை. அந்தக் கெட்ட வார்த்தை மட்டும் பிசிறில்லாமல் வரும். போன மாதத்திலிருந்து சாப்பாட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுக்க ஆரம்பித்திருந்தான். இப்படியே விட்டால் ரமலான் வரை தாங்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். "கடலுக்குப் போலாமா?" என்று கேட்டபோதுதான் திரும்பிப் பார்த்தான்.

கட்டடத்து ஆண்கள் நாலு பேர் படிக்கட்டைத் திட்டிக்கொண்டே அவனைக் கீழே இறக்கினார்கள். தோழி நுவாராவும் கூட வந்தாள். வாதம் வந்த தம்பியை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்பவள், கை உரமானவள். கரையில் உயிர்காப்பாளர்கள் பருத்த சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றைக் கொடுத்தார்கள். இரண்டு பெண்களும் தள்ளினார்கள். பலகையில் நாற்காலி வழுக்கிக்கொண்டு போனது. லக்தர் மூக்கை விரித்து உப்புக்காற்றை இழுத்தான்.

தண்ணீருக்குப் பத்தடி முன்னால் பாதை அடைபட்டிருந்தது. அதன்மேல் புஜெமாவின் பிளாஸ்டிக் மேசைகளும் வாடகைக் குடைகளும் நின்றன. கோடை வந்தால் கடற்கரை தன் அப்பன் சொத்து என்று நினைத்துக்கொள்கிறவர்களில் அவன் ஒருவன்.

"தம்பி, மேசையை நகர்த்துப்பா. வண்டி போகணும்," என்றாள் ஹூரியா.

"பக்கத்துல மணல் கிடக்கே அக்கா, அதுல தள்ளிட்டுப் போங்க."

"மணல்ல சக்கரம் போகும்னா பலகை எதுக்குடா? உன் மேசை காத்து வாங்கவா?"

புஜெமா லக்தரை மேலும் கீழும் பார்த்தான். "குடும்பம் குடும்பமா உக்காந்து சாப்பிடுறாங்க. எச்சில் ஒழுகுற ஆளைக் கொண்டாந்து நடுவுல வெச்சா யாருக்குச் சோறு இறங்கும்? வீட்டுலயே வெச்சுப் பாத்துக்க வேண்டியதுதானே?"

லக்தர் தன்னிடமிருந்த கெட்ட வார்த்தையைச் சொன்னான். கணீரென்று விழுந்தது. சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். புஜெமாவின் முகம் செக்கச் செவேலென்று ஆனது.

"முதல்ல அந்த வாயைத் துடைச்சு விடு," என்றான்.

ஹூரியா மேசையைக் கவிழ்த்தாள். தேநீர்க் குவளைகள் பறந்தன. புஜெமா அவளை ஓங்கி அறைந்தான்; உதடு கிழிந்து வாயில் ரத்தம் கரித்தது. நுவாரா குடைக்கம்பைப் பிடுங்கி அவன் நெற்றியில் ஒன்று வைத்தாள். "பொம்பளை மேலயா கை வைக்கிற, நாயே!" நாலைந்து பேர் ஓடிவந்து நுவாராவை அமுக்கிப் பிடித்தார்கள். அறைந்தவனை ஒருவரும் பிடிக்கவில்லை. ஊர் நியாயம் எப்போதும் இப்படித்தான்.

அந்த அமளியில் கிடைத்த சந்தில் ஹூரியா நாற்காலியைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு போனாள். நெற்றி ரத்தம் கண்ணில் வழிய புஜெமா முன்னால் பாய்ந்து, இரண்டு கைப்பிடிகளையும் பற்றி உலுக்கினான். நாற்காலி முன்பக்கமாகச் சாய்ந்தது. லக்தர் முழு எடையோடு அவன்மேல் விழுந்தான்.

புஜெமா மல்லாந்து கிடந்தான். நெஞ்சின்மேல் லக்தரின் நூறு கிலோ. லக்தரின் வலக்கை அவன் சட்டைக் கழுத்தைக் கொத்தாகப் பிடித்திருந்தது. அலை வந்து புஜெமாவின் முகத்தை மூடியது. அலை போன பிறகும் முகம் தண்ணீருக்குள்ளேயே இருந்தது. கால்கள் படபடவென்று அடித்துக்கொண்டன.

லக்தர் தலையைத் திருப்பி ஹூரியாவைப் பார்த்தான். கண் அகல விரிந்து எரிந்தது. ஒன்றரை வருடமாகச் செத்துக் கிடந்த முகத்தில் உயிர் வந்திருந்தது. அவள் இரண்டடி தள்ளி நின்றாள். நகரவில்லை.

சாகட்டும் என்று நினைத்தாள். வீட்டுலயே வெச்சுப் பாத்துக்கன்னு சொன்ன ஒவ்வொருத்தனும் இப்படிச் சாகட்டும். பேருந்துக்காரன், மைத்துனன், மருத்துவமனை வாசல்காரன், எல்லாரும். இரண்டாவது அலை வந்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. பொய் சொல்வானேன், சந்தோஷமாகவே இருந்தது. மூன்றாவது அலையில் புஜெமாவின் கால்கள் அடங்கின.

அப்போதுதான் அவன் செத்துக்கொண்டிருப்பது அவளுக்கு உறைத்தது. பாய்ந்து போய் லக்தரின் மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கினாள். அப்படிச் செய்தால்தான் அந்த விரல்கள் திறக்கும். தினமும் காலையில் உள்ளங்கையைக் கழுவ அவள் செய்வது அதுதான். லக்தரைப் புரட்டித் தள்ளியதும் உயிர்காப்பாளர்கள் புஜெமாவை இழுத்துப் போய்க் கரையில் குப்புறப் போட்டார்கள். அவன் தண்ணீரும் நுரையுமாகக் கக்கினான். இருமினான். பிழைத்துக்கொண்டான்.

ஹூரியா இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து லக்தரின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "வல்லாஹி, சத்தியமா நீ சிங்கம்யா," என்றாள். "இனி எந்த நாயாவது வழியை மறிக்குமா? அவனை விட்டுடாம புடிச்சியே, அதான் ஆம்பளை."

"இல்ல," என்றான் லக்தர்.

உதடு கோணி எதையோ தேடியது. முகம் நீலம் பாரித்தது. இடக்கையால் தன் வலக்கையைத் தூக்கி அவள் முன்னால் காட்டினான். அது மறுபடியும் இறுகி மூடிக்கொண்டிருந்தது.

"தெ... திறக்கல."

ஒன்றரை வருடத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் புது வார்த்தை அது.

"உன்னை..." என்றான். எச்சிலை விழுங்கினான். "கூப்... கூப்பிட்டேன். நீ பாத்துக்கிட்டே... நின்ன."

அடுத்த அலை வந்தபோது அவன் தலை மூழ்கிவிடாமல் மார்போடு இறுக்கினாள். அலை வடிந்ததும் லக்தர் தன் நல்ல கையால் அவள் கையைப் பிடித்து விலக்கினான்.