கடைசிப் பேட்டரி

எண்பத்தாறில் எங்கள் எஸ்டேட் ஆபீஸ் கூரையில் சூரியத் தகடு வைத்தபோது மேனேஜர் துரை தொழிலாளர் லயம் முழுக்க மிட்டாய் கொடுத்தார். இனி டீசல் வேண்டாமாம், வெயிலே ரேடியோவை ஓட்டுமாம். அந்த ரேடியோவில்தான் பகாவ் டவுன் ஆஸ்பத்திரியோடு பேசுவோம். வெயிலைப் பிடித்து வைக்க ஈயப் பேட்டரி வேண்டும், அந்த ஈயத்தை எங்கேயோ மண்ணிலிருந்து தோண்ட வேண்டும் என்று அன்றைக்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

மூன்றே வருஷத்தில் நான்கு பேட்டரியில் மூன்று செத்தன. புதுசு வாங்கப் பகாவுக்குப் போனேன். கடைக்காரர் கையை விரித்தார்.

"ஈயமே வரல லா. இருக்கிறது காருக்கே பத்தல. ஒனக்கு எங்க போறது?"

என் மனைவி ராக்கம்மாவுக்கு அப்போது எட்டாம் மாதம். முன்னால் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். இந்த முறை ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே கூப்பிடு என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அப்புறம் மழை. ஆறு பாலத்தை மூழ்கடித்தது. லாரியும் துரையின் காரும் அக்கரையில் மாட்டிக்கொண்டன. அவசரமென்றால் ரேடியோவில் சொல்லுங்கள், படகு வரும் என்றது ஆஸ்பத்திரி. அந்த நேரம் பார்த்து, கூரை ஒழுகுகிறதே என்று கடைசிப் பேட்டரியை மேலே தூக்கி வைக்கப் போன ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஆறுமுகம் அதைக் கீழே போட்டார். விரிசல் வழியாகப் பாதி ஆசிட் ஓடிவிட்டது. தார் வைத்து அடைத்தார். ரேடியோ முனகியது, ஆனாலும் பேசியது.

"யாரும் தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும்," என்றார்.

நான் சும்மா இருந்தேனா? பதினோரு வருஷமாகப் பால் ஸ்டோரில் ரப்பர் பாலை உறையவைக்க ஆசிட் கலக்குகிறவன். என் கைக்குத் தெரியாத ஆசிட்டா என்ற திமிர். பேட்டரி ஆசிட் வேறு என்று தெரியும். அதுவும் தோலைச் சுடுகிறது, இதுவும் சுடுகிறது, கொஞ்சம் சேர்த்தால் என்ன என்று நினைத்தேன். கிராணி சாப்பிடப் போன நேரத்தில் ஸ்டோர் ஆசிட் ஒரு குவளையைப் பேட்டரிக்குள் ஊற்றினேன். புத்தி கெட்ட மாடு நான்.

மூன்றாம் நாள் நல்ல வெயில். காலை பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு முத்தாயி ஸ்டோருக்கு ஓடி வந்தாள்.

"அண்ணே, ராக்குக்கு ரத்தம் போவுது!"

ஆபீசுக்கு ஓடினேன். கிராணி ரேடியோவின் பொத்தானை அழுத்தினார். விளக்கு எரியவில்லை. மறுபடி அழுத்தினார். பேட்டரி மூடியைத் திறந்து முகர்ந்தவரின் முகம் மாறியது. பால் ஸ்டோர் வாடை எனக்கே அடித்தது.

"என்னாத்தடா ஊத்துன, வீரமுத்து?"

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"ஆத்தங்கரைக்கு ஆள் அனுப்பிக் கத்தச் சொல்றேன். நீ வீட்டுக்குப் போ."

அந்த வெள்ளத்தின் இரைச்சலில் எந்தக் குரலும் அக்கரைக்கு எட்டாது. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

ராக்கம்மா பாயில் கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ரேடியோவுல சொல்லிட்டீங்களா? படகு வருதா?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வருது," என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. கண்ணை மூடி, வயிற்றை மெல்லத் தடவிக் கொடுத்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்க சாமி. அப்பா சொல்லிட்டாரு."