எதிர்ச்சுற்று

மேடிசன் நகரத்தின் சனிக்கிழமைச் சந்தையில் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்தவர்கள் பதினொரு பேர். அவர்களில் நான்கு பேர் வீடு திரும்பவில்லை. சட்டமன்ற மாளிகையைச் சுற்றி நான்கு தெருக்களிலும் கடை போடுவார்கள். வருகிறவர்கள் எல்லாரும் மாளிகையை இடக்கைப் பக்கம் வைத்து ஒரே திசையில் சுற்றுவார்கள். பலகை கிடையாது, காவலரும் கிடையாது, ஆனாலும் எல்லாரும் அப்படித்தான். கூட்டத்தோடு போகிறவனுக்கு முதுகுகள் மட்டும் தெரியும். எதிரே போகிறவனுக்கு முகங்கள் தெரியும். அவற்றில் சில, அவன் ஏற்கெனவே புதைத்துவிட்டு வந்த முகங்கள். அவர்கள் கையைப் பிடித்தால் பிடித்ததுதான். எழுபத்தெட்டாம் வருடம் ஒரு தபால்காரர் செத்துப்போன தன் தம்பியோடு அப்படிப் போனார். அவருடைய பை மட்டும் தேன் கடை வாசலில் கிடந்தது. சுற்றுவட்டாரத்தில் முள்ளங்கி விலையைப் போல இதுவும் எல்லாருக்கும் தெரியும்.

மேற்கே தொண்ணூறு மைல் தள்ளி பால் லாரி ஓட்டும் வெர்லன் ஆஸ்ட்பிக்கும் தெரியும். முப்பத்துநாலு வயது. அவன் மனைவி மாரிட் மேடிசனில் ஓர் ஆஸ்பத்திரியில் நான்கு மாதம் கிடந்து பிப்ரவரியில் இறந்தாள். அந்த நிமிடத்தில் அவன் கீழே வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான். அந்த வார்டில் குழந்தைகளை விடமாட்டார்கள் என்பதால் மகள் சிக்னி ஒருமுறைகூட அங்கே போகவில்லை. எட்டாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, அம்மா இருந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

திட்டம் போட்டது வெர்லனின் அக்கா லோர்னா. சமையலறை மேசையில், ஒரு பழைய தபால் உறையின் பின்பக்கத்தில் எழுதினாள். இலையுதிர் காலம் வேண்டாம்; கால்பந்து நாளில் யார் வீட்டுப் புல்வெளியிலாவது வண்டி நிறுத்தவே நாற்பது டாலர். மே மாதமும் வேண்டாம். பட்டமளிப்பு வாரத்தில் அறை வாடகை மூன்று மடங்கு. ஜூன் முதல் வாரம் சரி. மாணவர்கள் காலி செய்துவிட்டுப் போயிருப்பார்கள். தோழியின் மகன் தன் அறைச் சாவியைத் தருவான், தரையில் படுத்துக்கொள்ளலாம். மிருகக்காட்சிசாலை இலவசம், ஏரிக்கரையும் இலவசம். மதியத்துக்கும் இரவுக்கும் ஐஸ் பெட்டியில் சாண்ட்விச். காலைச் சாப்பாட்டுக்குச் சந்தை. பாலாடைக்கட்டிக்காரர்கள் ருசி பார்க்கத் தருவதிலேயே வயிறு நிரம்பிவிடும்.

“சந்தை வேண்டாம்,” என்றான் வெர்லன்.

“அப்ப புள்ளைக்குக் காலையில என்ன குடுப்ப, காத்தையா? கூட்டத்தோட நட. அவ கைய விடாத. இதுக்கென்ன பெரிய படிப்பா வேணும்?”

“நானே திரும்பிடுவனோன்னு பயமா இருக்கு, லோர்னா.”

“திரும்பாதடா,” என்றாள். பிறகு உறையில் ‘சிக்னிக்குச் சிவப்புத் தொப்பி’ என்று எழுதினாள்.

சனிக்கிழமை எட்டு மணிக்குக் கூட்டத்துக்குள் இறங்கினார்கள். சிக்னியின் விரல்கள் வெளுக்குமளவு அவன் பிடித்திருந்தான். முன்னால் போகிறவரின் சட்டைக் காலரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. மூன்றாவது தெருவில் ஒருவர், பல்லில் கிரீச்சிடும் புதுப் பாலாடைக்கட்டியை ஆளுக்கொரு துண்டு நீட்டினார். அதை வாங்க வெர்லன் கையை விட்டான். கூட்டம் அவர்களை ஆறு கடை தள்ளிக்கொண்டு போனது. சிக்னிக்கு இன்னும் பசித்தது. இன்னொரு துண்டு கேட்கலாமென்று திரும்பி நடந்தாள்.

யாரும் அவளைத் தடுக்கவில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் தெரியாதவரைத் தடுப்பதை மரியாதைக் குறைவாக நினைப்பவர்கள். “அடடா, மன்னிச்சுக்கம்மா, நான் ஒதுங்கிக்கறேன்,” என்று ஒவ்வொருவராக விலகினார்கள். எட்டு வயதுப் பெண்ணுக்கு எதிர்த்திசை முழுவதும் பாதையாகத் திறந்தது.

அவளுடைய சிவப்புத் தொப்பி பின்னால் தூரத்தில் போவதை வெர்லன் தோளுக்கு மேலாகக் கண்டான். திரும்பினான். முகங்கள் வந்தன. இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஏரிப் பனி உடைந்து மூழ்கிய பக்கத்துப் பண்ணைக்காரர் ஒரு கட்டுக் கீரையோடு வந்து தலையசைத்தார். வெர்லனும் பழக்கத்தில் தலையசைத்தான். அவருக்குப் பின்னால், ஆஸ்பத்திரியில் கொடுத்த மஞ்சள் காலுறையோடு, மாரிட். சிக்னியின் கை அவள் கையில் இருந்தது.

“இவளுக்கு ஜாக்கெட் போடலையா, வெர்ல்?”

“ஜூன் மாசம்.”

“கை ஜில்லுன்னு இருக்கு பாரு.”

சிக்னியின் மணிக்கட்டு வெள்ளையாகியிருந்தது. உதட்டில் நீலம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்லன் அவளுடைய இன்னொரு கையைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை.

“விட்டுடு, மாரிட்.”

“விடத்தான் பாக்கறேன். முடியல.” அவள் குரலிலும் பயம் இருந்தது.

நீலம் கன்னத்துக்கு வந்தது. கூட்டம் மூவரையும் சுற்றி, மன்னிப்புக் கேட்டபடி போய்க்கொண்டிருந்தது. அந்த மாநிலத்தில் விருந்தாளி தன் இரண்டு தொடையிலும் தட்டி எழுந்துவிட்டால், அதற்குமேல் எந்த வீட்டுக்காரராலும் அவரை நிறுத்திவைக்க முடியாது. வெர்லனுக்கு அதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. தட்டினான்.

“சரி, அப்ப. நாங்க கெளம்பறோம்.”

மாரிட்டின் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

விருந்தாளியை வண்டிவரை வந்து அனுப்புவதும் அங்கே முறை. அவள் வந்தாள். ஜன்னலில் முழங்கை வைத்து ஒரு மணி நேரம் பேசினாள்: கூரையில் ஒழுகும் இடம், சிக்னியின் ஆடும் பல், லோர்னா சாயம் பூசிக்கொண்ட முடி. வெர்லன் இன்ஜினை அணைக்கவில்லை. சிக்னி பல்லை ஆட்டிக் காட்டினாள். மெல்ல அவள் உதடு சிவந்தது. கடைசியில் மாரிட் வண்டிக் கூரையை இரண்டு முறை தட்டினாள்.

“மான் குறுக்க வரும். பாத்துப் போங்க.”

மிருகக்காட்சிசாலைக்கும் ஏரிக்கரைக்கும் அவர்கள் போகவில்லை. தொண்ணூறு மைலில் ஏழு மான்கள் வந்தன, பட்டப்பகலில். ஏழுக்கும் வெர்லன் வண்டியை நிறுத்தினான்.